தாலினில் முதுகுப்பையோடு: மதில் நகரத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எஸ்தோனியாவின் தலைநகரமான தாலினைப் பார்க்க வருகிறவர்களில் ஏராளமானோர் அங்கே ஓர் இரவுகூடத் தங்குவதில்லை. ஹெல்சின்கியிலிருந்து காலைக் கப்பலில் வருவார்கள், அல்லது கோடையில் பால்டிக் கடலைச் சுற்றும் பெரிய உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்குவார்கள். மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் விரு வாசல் வழியாகப் போய், நகர மண்டபச் சதுக்கத்தில் படம் எடுத்து, தோம்பெயா மேட்டில் ஏறிக் கூரைகளைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சில மணி நேரத்தில் தெருக்கள் திணறும். மிச்ச நேரமெல்லாம் ஊர் காலியாக இருக்கும். முதுகுப்பையோடு வந்து ஹாஸ்டலில் படுக்கிறவருக்கு அந்த மிச்ச நேரம் முழுவதும் கிடைக்கிறது. குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எப்போது போவது

தாலின் வட அட்சரேகை 59 டிகிரிக்கும் மேலே இருக்கிறது. இது வெறும் புவியியல் தகவல் இல்லை, உங்கள் முழு நாளையும் தீர்மானிக்கிற விஷயம். ஜூன் பிற்பகுதியில் சூரியன் காலை நாலு மணி வாக்கில் உதித்து, இரவு பத்தரைக்கு மேல்தான் மறையும். அதற்குப் பிறகும் வானம் முழுதாக இருட்டாது. டிசம்பரில் நேர்மாறு: காலை ஒன்பதுக்கு மேல் விடியும், மதியம் மூன்றரைக்குள் இருட்டிவிடும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மே பிற்பகுதி அல்லது செப்டம்பர். வெளிச்சம் போதுமான அளவு இருக்கும், ஹாஸ்டல் விலை ஜூலை அளவுக்கு ஏறியிருக்காது, கப்பல் கூட்டமும் சற்றுக் குறைவு. ஜூனில் போனால் 23, 24 தேதிகளைக் கவனியுங்கள். 23 வெற்றி நாள், 24 யானிபாயெவ் என்கிற நடுக்கோடைத் திருநாள். ஊர் மக்கள் கிராமங்களுக்குப் போய்த் தீ மூட்டிக் கொண்டாடுவார்கள். நகரத்தில் பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும், பேருந்துகளில் இடம் கிடைக்காது. அந்த நாள்களுக்கான சாமான்களை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

டிசம்பரில் நகர மண்டபச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். அழகுதான், ஆனால் குளிர் கொடுமையானது. கடல் காற்று வேறு சேர்ந்துகொள்ளும். குளிர் நாட்டில் முன்பின் இருந்திராதவர்கள் முதல் பயணத்தைக் குளிர்காலத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

விசாவும் எல்லையும்

எஸ்தோனியா 2007 டிசம்பர் முதல் ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது, 2011 முதல் அதன் நாணயம் யூரோ. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். சட்டப்படி பயணத்துக்கு 15 நாள் முன்பு வரை போடலாம். ஆனால் கோடைப் பயணத்துக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், இரண்டு மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஒரே பயணத்தில் லாட்வியாவின் ரீகா, லிதுவேனியாவின் வில்னியஸ், பின்லாந்தின் ஹெல்சின்கி என்று சுற்றப்போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால், முதலில் நுழைகிற நாடு. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாக வேண்டும். தங்குமிடச் சான்றுக்கு, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய ஹாஸ்டல் முன்பதிவுகளைக் காட்டலாம். 2025 அக்டோபரில் ஐரோப்பாவின் புதிய எல்லைப் பதிவு முறை தொடங்கியிருக்கிறது. முதல்முறை நுழையும்போது கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். எனவே ஷெங்கனுக்குள் முதலில் இறங்குகிற விமான நிலையத்தில் மாற்று விமானத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே நேரம் விடுங்கள்.

இந்தியாவிலிருந்து தாலினுக்கு நேரடி விமானம் கிடையாது. ஹெல்சின்கி, வார்சா, ஃபிராங்க்ஃபர்ட், இஸ்தான்புல் போன்ற ஊர்களில் மாறித்தான் வர வேண்டும். ஹெல்சின்கிக்கு மலிவாக டிக்கெட் கிடைத்தால் அங்கே இறங்கி, கப்பலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தாலின். கடலிலிருந்து அந்த ஊரின் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

பையில் என்ன, என்ன வேண்டாம்

பழைய நகரத்தின் தெருக்கள் உருண்டைக் கற்கள் பாவியவை. சக்கரம் வைத்த பெட்டியை அதில் இழுத்துப் போவது பெட்டிக்கும் உங்களுக்கும் தண்டனை. முதுகில் மாட்டுகிற 35 முதல் 40 லிட்டர் பை போதும். செருப்போ மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவோ வேண்டாம், அந்தக் கற்கள் உள்ளங்காலைப் பதம் பார்த்துவிடும். மழையில் வழுக்காத, கெட்டியான அடிப்பாகமுள்ள நடை ஷூவை வீட்டிலேயே சில வாரம் போட்டுப் பழக்கிவிட்டு எடுத்து வாருங்கள்.

கோடையிலும் காற்றைத் தடுக்கிற மழைக்கோட்டு அவசியம். ஜூலையில்கூட மாலையில் கடற்கரைப் பக்கம் போனால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். கண்ணை மறைக்கிற துணிப் பட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் மாதத்து விடியற்காலை வெளிச்சத்தில் தூக்கம் வராது. பிளக்குக்கு ஐரோப்பிய இரண்டு முள் மாற்றி ஒன்று போதும். மின்னழுத்தம் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான்.

இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ போனால் இன்னொன்றும் வாங்க வேண்டும்: வெளிச்சம் பட்டால் மின்னுகிற சின்ன வில்லை. அங்கே இதை ஹெல்குர் என்பார்கள். இருட்டில் நடப்பவர்கள் இதை அணிய வேண்டும் என்பது எஸ்தோனியச் சட்டம். பெட்டிக்கடை, சூப்பர் மார்க்கெட் எங்கும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. கோட்டின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குத் தொங்கும்படி மாட்டிக்கொள்ளுங்கள்.

படுக்கை எங்கே

இரண்டே தேர்வு. ஒன்று, மதிலுக்கு உள்ளே. இன்னொன்று, ரயில் நிலையத்தைத் தாண்டி இருக்கிற கலமயா, தெல்லிஸ்கிவி பக்கம். பருவத்தைப் பொறுத்துப் பொது அறையில் ஒரு படுக்கை சுமார் 15 முதல் 35 யூரோ வரை வரும் என்று திட்டமிடுங்கள்.

மதிலுக்குள் தங்கினால் விடியற்காலையில் கதவைத் திறந்ததும் நடக்கத் தொடங்கலாம். குறை என்னவென்றால் வெள்ளி, சனி இரவுகளின் சத்தம். மலிவான குடிக்காக வருகிற வெளிநாட்டுக் கும்பல்கள் அதிகாலை வரை தெருவில் பாடிக்கொண்டிருக்கும். அதனால் முன்பதிவு செய்யுமுன் அந்தக் கட்டடத்தின் கீழே மதுக்கூடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். கலமயா பக்கம் அமைதியானது, அங்கிருந்து பத்து நிமிட நடையில் மதிலுக்குள் வந்துவிடலாம். வார இறுதி என்றால் கலமயா, மற்ற நாள்களில் மதிலுக்குள். இதுதான் என் பரிந்துரை.

சிறிய ஹாஸ்டல்கள் பலவற்றில் இரவு முழுதும் வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார். கதவுக்கான எண்ணைச் செய்தியாக அனுப்பிவிடுவார்கள். உங்கள் விமானம் இரவு தாமதமாக வருகிறது என்றால் அந்த எண்ணைக் கிளம்புமுன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இணையம் கிடைக்காமல் வாசலில் நிற்க நேரிடலாம், எனவே ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். பெண்கள் தனியாகப் போகிறீர்கள் என்றால் பெண்களுக்கு மட்டுமான அறை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நுழைந்ததும் காலணியைக் கழற்றுவது அங்கேயும் வழக்கம், நமக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வந்து இறங்கியதும்

விமான நிலையம் நகர மையத்திலிருந்து நாலே கிலோமீட்டர்தான். 2017 முதல் டிராம் பாதை விமான நிலையம் வரை வருகிறது, கால் மணி இருபது நிமிடத்தில் நடுநகரத்தில் இறங்கிவிடலாம். தொடுகை வசதியுள்ள வங்கி அட்டை இருந்தால் டிக்கெட்டே வாங்க வேண்டாம். முன்வாசல் பக்கம் இருக்கிற கருவியில் அட்டையைக் காட்டினால் போதும். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2 யூரோ. ஒவ்வொரு முறை ஏறும்போதும் காட்ட வேண்டும், சோதனை அதிகாரிகள் திடீரென்று ஏறுவார்கள். உள்ளூர்க்காரர்கள் எதையும் காட்டாமல் உட்காருகிறார்களே என்று பார்த்து ஏமாற வேண்டாம். தாலினில் முகவரி பதிவு செய்தவர்களுக்கு 2013 முதல் நகரப் போக்குவரத்து இலவசம்.

கப்பலில் வந்தால் துறைமுகத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. டாக்சி தேவைப்பட்டால் போல்ட் செயலியைப் பயன்படுத்துங்கள். 2013இல் இதே ஊரில் தொடங்கிய நிறுவனம் அது. தெருவில் நிற்கிற காரில் விலை பேசாமல் ஏற வேண்டாம். ரொக்கம் அதிகம் தேவைப்படாது. ஆனாலும் சந்தைக்கும் சின்னத் தேவாலயங்களுக்கும் ஒரு இருபது முப்பது யூரோ கையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

மதிலுக்குள்: எந்த வரிசையில் நடப்பது

இடைக்காலத்தில் தாலின் ஒரே ஊராக இல்லை. இது தெரிந்தால்தான் தெருக்கள் ஏன் இப்படி வளைகின்றன, நடுவில் ஏன் ஒரு மதில் என்று புரியும். மேட்டில் தோம்பெயா: ஆட்சியாளர், பிஷப், பிரபுக்கள். கீழே வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த கீழ்நகரம். டென்மார்க் அரசர் இரண்டாம் வால்டெமார் 1219இல் இந்த மேட்டைப் பிடித்தார். 1248 முதல் கீழ்நகரம் வட ஜெர்மனியின் லூபெக் நகரச் சட்டத்தின்படி தன்னைத் தானே ஆண்டது, ஹன்சா வணிக நகரங்களின் கூட்டணியிலும் சேர்ந்தது. அப்போது ஊரின் பெயர் ரெவால். இரண்டு பகுதிக்கும் ஒத்துப்போகவில்லை. இடையில் மதில் எழுப்பினார்கள், இரவில் வாசலைப் பூட்டினார்கள். நிர்வாகம் ஒன்றானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அந்த வாசல்கள் இருக்கிற இரண்டு சரிவுப் பாதைகளும் இன்றும் உண்டு: பிக் யால்க், லூஹிகெ யால்க். ஒன்று நீளமான சரிவு, மற்றது குட்டையான படிக்கட்டு.

முதல் மாலையில் கீழ்நகரம் மட்டும். ஏழு மணிக்கு மேல் விரு வாசலில் நுழையுங்கள். நேரே நகர மண்டபச் சதுக்கம் வரும். மண்டபம் இப்போதைய வடிவத்தில் 1404இல் கட்டி முடிக்கப்பட்டது. உச்சியில் காற்றுத் திசை காட்டியாக நிற்கிற காவலனின் பெயர் வானா தோமஸ், 1530 முதல் இப்படி ஓர் உருவம் அங்கே நிற்கிறது. சதுக்கத்தின் மூலையில் ஒரு மருந்துக்கடை. 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது, அப்போதே அது கைமாறி வந்த கடை. அறுநூறு வருடமாக அதே வேலையைச் செய்கிற ஒரு கடைக்குள் பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சதுக்கத்திலிருந்து வடக்கே பிக் தெருவைப் பிடித்து நடங்கள். வழியில் தூய ஆவி தேவாலயச் சுவரில் 17ஆம் நூற்றாண்டின் மரச் செதுக்குக் கடிகாரம், 1410இல் முடிந்த பெரிய வணிகச் சங்க மண்டபம், 1864இலிருந்து நடக்கிற மையஸ்மொக் காபிக்கடை. தெரு முடிவில் குண்டு மார்கரெட் என்று அழைக்கப்படுகிற பீரங்கிக் கோபுரம். அதற்குச் சற்று முன் ஒலெவிஸ்தே தேவாலயம், கூர்முனையோடு சேர்த்து உயரம் ஏறத்தாழ 124 மீட்டர். சோவியத் காலத்தில் அந்தக் கூர்முனையை உளவுத்துறையான கேஜிபி வானொலித் தொடர்புக்குப் பயன்படுத்தியது. கேஜிபியின் தலைமையகமும் அதே தெருவில்தான் இருந்தது. அதன் நிலவறைச் சிறை இன்று அருங்காட்சியகம், வாசல் பக்கத்துப் பகரி தெருவில். ஒலெவிஸ்தே கோபுரத்தில் குளிர்காலம் தவிர்த்த மாதங்களில் ஏறலாம். படிகள் குறுகலானவை, இருநூறுக்கும் மேல். எதிரே இறங்குகிறவர்களுக்கு வழி விட இடமே இருக்காது. முட்டிவலி உள்ளவர்கள், நெரிசலில் மூச்சு முட்டுகிறவர்கள் தவிர்த்துவிடலாம்.

மறுநாள் தோம்பெயா. இதற்குச் சீக்கிரம் எழுந்தே ஆக வேண்டும். காலை ஏழு மணிக்குள் லூஹிகெ யால்க் படிகளில் ஏறிவிட்டால் கோஹ்துவோட்ஸா மேடையில் நீங்களும் கடற்காக்கைகளும் மட்டும்தான். சிவப்பு ஓட்டுக் கூரைகள், மூன்று நாலு கூர்முனைகள், அதற்குப் பின்னால் துறைமுகம், கடல். பத்தரை மணிக்கு அதே இடத்தில் செல்ஃபி எடுக்க வரிசை நிற்கும். அடுத்து சற்றுத் தள்ளி பட்குலி மேடை, அங்கிருந்து மதிலும் கோபுரங்களும் வரிசையாகத் தெரியும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் மதில் இன்னும் நிற்கிறது, அதனால்தான் 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ஊர் இடம்பெற்றபோது யாருக்கும் வியப்பில்லை.

நாடாளுமன்றம் இருக்கிற தோம்பெயா கோட்டையின் மூலையில் பிக் ஹெர்மன் கோபுரம். அதில் நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி தினமும் காலையில் இசையோடு ஏற்றப்படும். எதிரே வெங்காயக் குமிழ்கள் வைத்த அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம், ரஷ்யப் பேரரசு 1900இல் கட்டி முடித்தது. கோட்டை வாசலுக்கு நேர் எதிரே அதை நிறுத்தியதில் அன்றைய பேரரசின் நோக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது. இன்று அது வழிபாடு நடக்கிற கோயில், நுழைவு இலவசம், உள்ளே படம் எடுக்கக்கூடாது. இறங்கும்போது டென்மார்க் அரசர் தோட்டம் வழியாக வாருங்கள். டென்மார்க்கின் கொடி 1219 போரில் வானத்திலிருந்து இங்கே விழுந்தது என்பது ஐதீகம்.

கூட்டம் வந்து சேரும் பதினொரு மணிக்கு நீங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். அதாவது அருங்காட்சியகங்களுக்குள். எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. ஒன்றே ஒன்று என்றால் நிகுலிஸ்தே. 1944 மார்ச் 9 இரவு சோவியத் விமானங்கள் குண்டு போட்டதில் எரிந்த தேவாலயம் அது. மீட்டெடுத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். லூபெக் ஓவியர் பெர்ன்ட் நோட்கே 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த மரண நடன ஓவியத்தின் ஏழரை மீட்டர்ப் பகுதி உள்ளே இருக்கிறது. போப், பேரரசர், பேரரசி, கார்டினல், அரசர் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து எலும்புக்கூடுகள் ஆடுகின்றன. அதன் முன் அரைமணி நேரம் உட்காருங்கள். பக்கத்து ஹர்யு தெருவில் ஒரு பக்கம் மட்டும் கட்டடமே இல்லாமல் திறந்துகிடப்பதும் அதே இரவின் விளைவுதான். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக ஒன்று என்றால் கீக் இன் டெ கோக் பீரங்கிக் கோபுரமும் அதன் கீழே ஸ்வீடன் ஆட்சியில் தோண்டிய சுரங்கப்பாதைகளும். இரண்டாம் உலகப் போரின்போது ஊர் மக்கள் குண்டுவீச்சுக்கு ஒளிந்த இடம் அது. கோடையிலும் உள்ளே நடுங்கும், கோட்டு எடுத்துப் போங்கள்.

மதிலுக்கு வெளியே

இரண்டாம் நாள் பிற்பகலும் மூன்றாம் நாளும் மதிலுக்குள் இருக்காதீர்கள். தாலின் மக்கள் வாழ்வது வெளியேதான்.

பால்தி யாம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையில் தொடங்குங்கள். கீழே காய்கறி, மீன், ஊறுகாய், சமைத்த உணவுக் கடைகள். மேல்தளத்தில் பழம்பொருள், பழைய துணி, சோவியத் காலப் பதக்கங்கள். சுற்றுலாக் கடைகளில் விற்கிற கம்பளிக் கையுறையை இங்கே சிலசமயம் பாட்டிமாரே பின்னி விற்பார்கள். தண்டவாளத்தைத் தாண்டினால் தெல்லிஸ்கிவி, பழைய ரயில்வே தொழிற்சாலைக் கட்டடங்களில் கடைகளும் அரங்குகளும். அங்கிருந்து வடக்கே கலமயாவின் மர வீடுகள். 1870இல் பீட்டர்ஸ்பர்க் ரயில் வந்தபிறகு தொழிலாளர்களுக்காக எழுந்த பேட்டை இது. பச்சை, மஞ்சள், காவி என்று வண்ணம் உதிர்ந்தும் புதிதாய்ப் பூசியும் நிற்கிற அந்தத் தெருக்களில் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு நடக்கலாம்.

கடற்கரைக்கு வந்துவிட்டால் லென்னுசதாம் என்கிற கடல்விமானக் கூடம். முதல் உலகப் போர் சமயத்தில் கட்டிய மூன்று கான்கிரீட் குவிமாடங்கள், உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. 1936இல் இங்கிலாந்தில் கட்டிய லெம்பித் நீர்மூழ்கிக்குள்ளேயே இறங்கிப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கொடுத்த காசுக்கு அரை நாள் ஓடும். திரும்பும் வழியில் லின்னாஹால். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் தாலினில் நடந்தன, அதற்காகக் கட்டிய பிரம்மாண்ட அரங்கு இன்று மூடிக்கிடக்கிறது.

மூன்றாம் நாள் கிழக்குப் பக்கம். டிராமில் கத்ரியோர்க் போங்கள். 1718இல் ஜார் மகா பீட்டர் தன் மனைவி கேத்தரீனுக்காகத் தொடங்கிய மாளிகையும் பூங்காவும். 2006இல் திறந்த குமு கலை அருங்காட்சியகமும் அங்கேதான். பூங்காவின் கடல் பக்கமாக நடந்தால் லவுலுவால்யக், அதாவது பாட்டு விழா மைதானம். இதைத் தவறவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன். பாட்டு விழா 1869இல் தொடங்கிய வழக்கம், இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். கடைசியாக 2025 ஜூலையில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூட்டுப்பாடகர் குழுவாக அந்த வளைவுக் கூரையின் கீழ் நின்று பாடுவார்கள். சோவியத் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், தடை செய்யப்பட்ட தேசப் பாடல்களை மக்கள் இங்கே கூடிப் பாடினார்கள். 1988 செப்டம்பரில் திரண்டவர்கள் சுமார் மூன்று லட்சம் என்று சொல்லப்படுகிறது. நாட்டின் எஸ்தோனியரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். 1991 ஆகஸ்ட் 20இல் சுதந்திரம் மீண்டது. விழா இல்லாத நாளில் அது வெறும் புல்சரிவு. மேலே ஏறி உட்கார்ந்து மைதானத்தின் அளவைக் கண்ணால் பார்த்தால் அந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும்.

சாப்பாடு

முதல் விதி: சதுக்கத்தைச் சுற்றிய உணவகங்களில் உட்காராதீர்கள். பத்து நிமிடம் நடந்தால் விலை பாதி. வேலை நாள்களில் மதியம் பல உணவகங்கள் பாயெவப்ராத் என்று அன்றைய சாப்பாட்டைக் குறைந்த விலையில் போடுவார்கள், கரும்பலகையில் எழுதியிருக்கும். பெரிய சாப்பாட்டை மதியம் வைத்துக்கொண்டு, இரவை ஹாஸ்டல் சமையலறையில் முடிப்பதுதான் சிக்கனம். ரிமி, செல்வெர், ப்ரிஸ்மா போன்ற சூப்பர் மார்க்கெட்டுகள் இரவு வரை திறந்திருக்கும். மதுபானம் மட்டும் கடையில் காலை பத்திலிருந்து இரவு பத்து வரைதான் விற்பார்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். லிஹா என்றால் இறைச்சி, செயாலிஹா பன்றி, கனா கோழி, கலா மீன், முனா முட்டை. தைமெதோய்த் என்றால் சைவ உணவு. உருளைக்கிழங்கும் பார்லியும் சேர்த்து மசித்த முல்கிபுதெர் நல்ல உணவு, ஆனால் மேலே பன்றிக் கொழுப்பு தூவித் தருவார்கள். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கோதுமை இனத் தானியமான ரையில் செய்த கறுப்பு ரொட்டியில்தான் எஸ்தோனியர்களின் உயிர் இருக்கிறது. இரண்டு நாளில் உங்களுக்கும் பிடித்துவிடும். சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி கோஹுகெ, பள்ளிப் பிள்ளைகள் முதல் தாத்தாக்கள் வரை தின்பது. நடக்கும்போது பையில் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

சோறு வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு: அரிசி எல்லாக் கடையிலும் இருக்கிறது. கேஃபிர் என்று பெட்டியில் விற்பதை வாங்கிச் சோற்றில் ஊற்றி உப்புப் போட்டால் மோர்சாதம். பால் என்று நினைத்து அதே பெட்டியைக் காபியில் ஊற்றிவிட வேண்டாம். பாலின் பெட்டியில் பீம் என்கிற சொல் இருக்கும். காலி பாட்டில்களைக் குப்பையில் போடாதீர்கள், கடைவாசலில் உள்ள எந்திரத்தில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பத்து சென்ட் திரும்பக் கிடைக்கும்.

ஒரு மாலை சவுனாவுக்கு

கலமயாவில் கல்மா சவுன் என்ற பொது நீராவிக் குளியலகம் 1928இலிருந்து இருக்கிறது. நட்சத்திர ஓட்டல் சவுனாவுக்குக் காசு கொடுக்க வேண்டாம், இங்கே போங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. உள்ளே யாரும் உடை அணிவதில்லை, யாரும் யாரையும் கவனிப்பதும் இல்லை. துண்டு எடுத்துப் போங்கள், உட்காரும் பலகையில் அதை விரித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் உள்ளே, பிறகு வெளியே வந்து குளிர்ந்த நீர், கொஞ்சம் ஓய்வு, மறுபடி உள்ளே. தலை சுற்றினால் உடனே இறங்கி வெளியே வந்துவிடுங்கள். கல் தெருக்களில் நாள் முழுதும் நடந்த கால்களுக்கு இதைவிட நல்ல மருந்து அந்த ஊரில் இல்லை.

நாலாவது நாள் இருந்தால்

லஹெமா தேசியப் பூங்காவுக்குப் போங்கள். சோவியத் ஒன்றியத்தில் முதல் தேசியப் பூங்காவாக 1971இல் அறிவிக்கப்பட்ட இடம், தாலினுக்குக் கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள். அங்கே விரு சதுப்புநிலத்தின் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், சில கிலோமீட்டர் நடை. குட்டைப் பைன் மரங்களும் கறுத்த குளங்களும், நடுவில் ஒரு பார்வைக் கோபுரமும். லொக்சா ஊருக்குப் போகிற பேருந்து சாலை முனையில் இறக்கிவிடும். திரும்பி வரும் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வராது. பலகையை விட்டுக் கீழே கால் வைக்காதீர்கள். பாசி பார்க்கத் தரை மாதிரி இருக்கும், கால் வைத்தால் உள்ளே போய்விடும். தண்ணீரும் சாப்பாடும் கொசு மருந்தும் கையோடு எடுத்துப் போங்கள்.

பாதுகாப்பும் புறப்பாடும்

இரவில் தனியாக நடப்பதற்கு ஐரோப்பியத் தலைநகரங்களில் இது நிம்மதியான ஊர்களில் ஒன்று. ஆனாலும் கப்பல் கூட்டம் நிறைந்த நேரத்தில் விரு வாசலிலும் தோம்பெயா மேடைகளிலும் பிக்பாக்கெட்காரர்கள் உண்டு, கடவுச்சீட்டை உட்சட்டைப் பையில் வையுங்கள். குளிர்காலத்தில் நடைபாதையை நாடா கட்டி மறித்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள், கூரையிலிருந்து பனிக்கட்டி ஈட்டி மாதிரி விழும். அவசர எண் 112.

ரீகாவுக்குப் பேருந்தில் நாலரை மணி நேரம். பேருந்து நிலையம் மதில் நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது, நடந்தால் அரைமணி, டிராமில் பத்து நிமிடம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் இருக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள். அறையைக் காலி செய்கிற நேரத்துக்கும் பேருந்துக்கும் இடைவெளி இருந்தால் ஹாஸ்டலிலேயே பையை வைக்கக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எல்லையில் சோதனை இல்லாவிட்டாலும் கடவுச்சீட்டு பேருந்து அடிப்பெட்டியில் வைக்கிற பைக்குள் போகக்கூடாது, ஏறும்போது ஓட்டுநர் அதைக் கேட்பார்.